டேவிட் டன்லப் வானாய்வுக்கூடம், றிச்மண்ட் ஹில்: வெள்ளி பார்க்கப் போனோம், காட்டையும் பார்த்தோம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோப் பக்கம் இருக்கிறவர்கள், பிள்ளைகள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இங்கே இரண்டு தடவை போகவேண்டும். ஒரு தடவை இரவில், ஒரு தடவை பகலில். இரவில் மட்டும் போனால் தொலைகாட்டியைப் பார்த்துவிட்டு வந்துவிடுவீர்கள், அதுவும் நல்லதுதான், ஆனால் அந்த நிலத்துக்காக ஆட்கள் ஏன் அத்தனை வருடம் மல்லுக்கட்டினார்கள் என்பது பகலில் அந்த மரங்களுக்குள் நடந்தால்தான் விளங்கும்.

நாங்கள் ஸ்காபரோவிலிருந்து மார்க்கத்துக்கு வீடு மாறி ஒன்பது வருடமாகிறது. பேவியூ அவெனியூவால் எத்தனை நூறு தடவை காரில் போயிருப்பேன் என்று கணக்கில்லை. மரங்களுக்கு மேலே தூரத்தில் வெள்ளையாக, கவிழ்த்த கிண்ணம் மாதிரிக் கூரையோடு ஒரு கூண்டு தெரியும், அது ஏதோ வானாய்வுக்கூடம் என்றும் தெரியும், எங்களைப் போன்ற ஆட்களை உள்ளே விடுவார்கள் என்றுதான் தெரியாமல் போய்விட்டது. மகளுக்கு ஆறாம் வகுப்பில் விண்வெளி பற்றிப் பாடம் வந்தது. அவள்தான் தேடிப் பார்த்து, "அம்மா, இது எங்கட வீட்டுக்குக் கிட்டத்தான் இருக்கு, போவமா?" என்று கேட்டாள்.

முதல் தடவை போனபோது மப்பும் மந்தாரமும். ஒரு வெள்ளிகூட, ஒரு நட்சத்திரம்கூட இல்லை. ஆனாலும் நிகழ்ச்சியை நடத்தினார்கள். ஒரு மணித்தியாலம் படங்களோடு பேச்சு, அப்புறம் பெரிய கூண்டுக்குள் கூட்டிப்போய்த் தொலைகாட்டியை அசைத்துக் காட்டினார்கள். ஏமாற்றமாகத்தான் இருந்தது, ஆனால் அதை வீண்போன இரவு என்று சொல்லமாட்டேன். முகில் இல்லாத இரவுதான் வேண்டுமென்றால் இந்த ஊரில் யாராலும் உறுதி தர முடியாது, அதை மனதில் வைத்துக்கொண்டு பதிவு செய்யுங்கள்.

இரண்டாவது தடவை ஓகஸ்ட் மாதம். இந்த முறை அம்மாவையும் கூட்டிப்போனோம். ஓகஸ்ட்டில் வடிவாக இருட்ட ஒன்பதரை ஆகும், அதனால் முதலில் புல்வெளியில் நின்றோம். கனடா அரச வானியல் சங்கத்தின் ரொறன்ரோக் கிளை ஆட்கள் தங்கள் சொந்தத் தொலைகாட்டிகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்திருந்தார்கள். ஒருவருக்கும் சம்பளம் இல்லை, எல்லோரும் தன்னார்வலர்கள். ஒரு வயதானவர் அம்மாவுக்குக் கதிரை எடுத்துப்போட்டு, அவர் கண்ணுக்கு ஏற்ற உயரத்துக்குத் தொலைகாட்டியைச் சரிசெய்து அல்பிரியோவைக் காட்டினார். வெறுங்கண்ணுக்கு ஒரே ஒரு வெள்ளி. உள்ளே பார்த்தால் இரண்டு: ஒன்று பொன்னிறம், மற்றது நீலம். அம்மா இரண்டு நிமிடம் கண்ணை எடுக்கவில்லை. பின்னால் வரிசை நின்றது, அந்த மனிதர் ஒரு வார்த்தை அவசரப்படுத்தவில்லை.

அல்பிரியோ என்பது அன்னத்தின் அலகு. சிக்னஸ் என்கிற அன்ன வடிவ நட்சத்திரக் கூட்டம் கோடை காலத்தில் தலைக்கு மேலே சிறகை விரித்துப் பறக்கும். அவர் பச்சை லேசரால் அலகிலிருந்து கழுத்து வழியாகக் கோடு போட்டுக்கொண்டே போய், கழுத்தில் ஓரிடத்தில் நிறுத்தி, இந்த இடத்தில்தான் என்றார். அந்த இடத்தில் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாதுதான். அங்கேதான் சிக்னஸ் எக்ஸ்-1 இருக்கிறது, மனிதர் முதன்முதலில் கருந்துளை, அதாவது ஒளிகூடத் தப்பமுடியாத ஈர்ப்புள்ள ஒன்று, என்று அடையாளம் கண்ட பொருள். அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ரொம் போல்டன் வேலை செய்தது நாங்கள் நின்ற புல்வெளியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த கூண்டுக்குள்.

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் மகள் வீட்டுக்கு வரும்வரை இதைத்தான் கதைத்துக்கொண்டு வந்தாள். 1971இல் போல்டனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சிக்னஸ் எக்ஸ்-1 இலிருந்து எக்ஸ் கதிர் வருகிற திசையில் ஒரு பெரிய நீல நட்சத்திரம் இருந்தது. அதன் ஒளியை நிறங்களாகப் பிரித்து இரவுக்கு இரவு படம் எடுத்தார். அதிலுள்ள கோடுகள் முன்னும் பின்னுமாக அசைந்தன, 5.6 நாளுக்கு ஒரு சுற்று. அப்படியென்றால் அந்த நட்சத்திரத்தை ஏதோ ஒன்று பிடித்துச் சுற்றவைக்கிறது. அந்த ஏதோ ஒன்று கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் எடையோ சூரியனைப்போலப் பலமடங்கு. அதே காலத்தில் இங்கிலாந்தில் லூயிஸ் வெப்ஸ்டரும் போல் மேர்டினும் தனியாக இதே முடிவுக்கு வந்தார்கள். அது கருந்துளை இல்லை என்று பந்தயம் கட்டியிருந்த ஸ்டீபன் ஹோக்கிங் 1990இல் தோல்வியை ஒப்புக்கொண்டார். நாங்கள் மரக்கறி வாங்கப் போகிற தெருவுக்குப் பக்கத்தில் இப்படியொன்று நடந்திருக்கிறது.

சரி, கூண்டுக்குள் போவோம். விட்டம் ஏறக்குறைய 60 அடி. உள்ளே வெப்பமூட்டி கிடையாது, வெளியே என்ன குளிரோ அதே குளிர்தான், காரணம் உள்ளே சூடு இருந்தால் தொலைகாட்டிக்காகத் திறக்கிற கூரைப் பிளவு வழியாகச் சூடான காற்று வெளியேறும்போது காட்சி நடுங்கும். எண்ணெயும் பழைய இரும்பும் கலந்த ஒரு வாசம். நடுவில் தொலைகாட்டி. படத்தில் பார்க்கும்போது அதன் பருமன் விளங்காது, கீழே நின்று நிமிர்ந்தால் கழுத்து வலிக்கும். கண்ணாடி 1.88 மீற்றர் அகலம், எடை இரண்டு தொன்னுக்கு மேல். கண்ணாடியை வார்த்தது அமெரிக்காவின் கோர்னிங், தொலைகாட்டியைச் செய்தது இங்கிலாந்தின் நியூகாசிலில் இருந்த கிரப் பார்சன்ஸ். 1935இல் திறந்தபோது உலகத்திலேயே இதைவிடப் பெரிதாக ஒரேயொரு தொலைகாட்டிதான் இருந்தது, கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில். கனடாவுக்குள் இன்றைக்கும் இதுதான் பெரிது.

விளக்கை அணைத்துவிட்டு கூரைப் பிளவைத் திறந்து கூண்டைச் சுழற்றினார்கள். தேர் இழுக்கத் தொடங்கும்போது முதலில் ஒரு முனகல் கேட்குமே, அதைப்போல ஒரு சத்தம். கூண்டு சுழல்கிறது என்று மூளைக்குத் தெரிகிறது, ஆனால் உடம்போ நாங்கள் நிற்கிற தரைதான் சுழல்கிறது என்கிறது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

அன்றைக்குக் காட்டியது எம்-13, ஹேர்குலிஸ் நட்சத்திரக் கூட்டத்தில் இருக்கிற உருண்டைக் கொத்து. பல இலட்சம் நட்சத்திரங்கள், 20,000 ஒளியாண்டுக்கும் அப்பால். இந்தத் தொலைகாட்டி வானத்தில் மிகச் சிறிய துண்டைத்தான் காட்டும், அதனால் கொத்து முழுவதும் பார்வைக்குள் அடங்கவில்லை, நடுப்பகுதியே கண்ணை நிறைத்தது. மகள் பார்த்துவிட்டு, "அம்மம்மா மா அரிக்கேக்க என்ர கறுத்தச் சட்டையில கொட்டுண்டமாதிரி இருக்கு" என்றாள். நான் பார்த்தபோது எனக்கும் அதற்குமேல் வேறு உவமை வரவில்லை.

கண்வில்லைக்குப் போகச் சில படிகள் ஏறவேண்டியிருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், எழுபத்தி மூன்று வயது. இரண்டு தன்னார்வலர்கள் இரண்டு பக்கமும் நின்று ஆறுதலாக ஏற்றி, ஆறுதலாக இறக்கினார்கள். இறங்கினபிறகு அம்மா சொன்னார்: "வடிவாத்தான் இருக்கு. ஆனா எங்கட முற்றத்தில இதெல்லாம் இல்லாமலே வானம் நிறைய வெள்ளி இருந்தது பிள்ளை."

அது உண்மை. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு வருடக்கணக்காக மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தேன். மண்ணெண்ணெயை மிச்சம்பிடிக்க அதையும் வேளைக்கு அணைத்துவிட்டு முற்றத்தில் பாய் போட்டுப் படுத்தால் பால்வீதி ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கிடக்கும். அந்த இருட்டு நாங்கள் கேட்டு வந்த இருட்டு இல்லை, அதை ஒருநாளும் அழகென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த வானத்தை நான் பார்த்திருக்கிறேன், என் மகள் பார்த்ததில்லை. அவளுக்கு இரவு வானம் என்றால் செம்மஞ்சள் புகை மாதிரி ஒன்று. றிச்மண்ட் ஹில்லிலும் பால்வீதி தெரியாது, அந்தக் காலம் போய்விட்டது. ஆனாலும் எங்கள் வீட்டுப் பின்வளவைவிட அந்தப் புல்வெளியில் தெரிந்த வெள்ளிகள் எத்தனையோ மடங்கு. ஏன் என்று கேட்டால் பதில் சுற்றியிருக்கிற மரங்கள்தான்.

நிலத்தின் கதைக்கு வருகிறேன்.

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் கிளாரன்ஸ் சான்ட் என்று ஒரு வானியல் பேராசிரியர் இருந்தார். நல்ல தொலைகாட்டி ஒன்று வேண்டுமென்று வருடக்கணக்காகப் பணம் தேடி அலைந்தவர். அவருடைய பேச்சைக் கேட்டு வானியலில் ஆர்வம் கொண்டவர்களில் டேவிட் டன்லப் ஒருவர், வட ஒன்ராறியோவின் தங்கச் சுரங்கத்தில் பணம் சேர்த்த வழக்கறிஞர். 1924இல் அவர் இறந்துவிட்டார். அவருடைய மனைவி ஜெசி டன்லப்தான் கணவரின் நினைவாக இதைக் கட்டுவதற்குப் பணம் கொடுத்தார். நிலம் வாங்கும்போது கூண்டு நிற்கிற அளவுக்கு மட்டும் வாங்கவில்லை, ஏறக்குறைய 190 ஏக்கரில் இதை வைத்தார்கள். அன்றைக்கு றிச்மண்ட் ஹில் ஆயிரத்துச் சொச்சம் பேர் இருந்த கிராமம், சுற்றிவர வயல்கள். சான்டின் எழுபதாவது பிறந்தநாளான 1935 மே 31இல் திறந்தார்கள். ஓய்வுபெற்ற பிறகும் சான்ட் அந்த வளவிலிருந்த பழைய செங்கல் வீட்டில்தான் குடியிருந்தார், 1956இல் உயிர் பிரிந்ததும் அங்கேதான்.

அந்த வளவில் வேலை செய்த இன்னொருவர் ஹெலன் சோயர் ஹொக். அவரைப் பற்றித் தன்னார்வலர் ஒருவர் சொல்லச் சொல்ல நான் அப்படியே நின்றுவிட்டேன். இங்கே வருவதற்கு முன் விக்டோரியா வானாய்வுக்கூடத்தில் கணவருக்கு மட்டும்தான் வேலை, இவருக்குச் சம்பளமே இல்லை, ஆனாலும் கைக்குழந்தையைக் கூடையில் கிடத்தி வைத்துக்கொண்டு இரவிரவாக வானத்தைப் படமெடுத்தாராம். இங்கே வந்தபிறகு எம்-13 போன்ற உருண்டைக் கொத்துகளில் மினுங்கி மங்குகிற நட்சத்திரங்களைத் தேடித் தேடிப் பட்டியலிட்டார், உலகம் முழுக்க அந்தப் பட்டியலைப் பாவித்தார்கள். 1951இல் கணவர் இறந்தபிறகு அவர் எழுதிவந்த ரொறன்ரோ ஸ்டார் பத்திரிகைப் பத்தியையும் இவர் எடுத்து முப்பது வருடம் எழுதினார். நாங்கள் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பார்த்த அந்த மாக்கொட்டின உருண்டையை இந்தப் பெண் எத்தனை இரவு பார்த்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே படியிறங்கினேன்.

ஊர் வளர்ந்தது. வயல்கள் வீடுகளாயின, இரவு வெளுத்தது. 1995இல் றிச்மண்ட் ஹில் நகரம் வெளிவிளக்குகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது, அதற்காக உழைத்தவர்களில் போல்டனும் ஒருவர். ஆனால் அது போதவில்லை. வெளிச்சம் கூடிவிட்டது, இனி இங்கே ஆராய்ச்சி சரிவராது என்று சொல்லி பல்கலைக்கழகம் நிலத்தை விற்க முடிவெடுத்தது. 2008இல் 70 மில்லியன் டொலருக்குக் கோர்சிக்கா என்ற வீடுகட்டும் நிறுவனத்துக்கு எல்லாம் கைமாறியது: கூண்டு, தொலைகாட்டி, சான்ட் இருந்த வீடு, காடு. அந்தப் பணத்தில் பல்கலைக்கழகம் டன்லப் பெயரிலேயே ஒரு வானியல் ஆய்வு நிறுவனம் தொடங்கியது, அங்கே நல்ல வேலை நடக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மரம் வெட்டுப்பட்டால் வெட்டுப்பட்டதுதான்.

விற்கப்போகிறார்கள் என்று தெரிந்தவுடனேயே ஊர்ச்சனம் கூடியது. டிடிஓ டிஃபெண்டர்ஸ் (டிடிஓ என்பது இந்த வானாய்வுக்கூடத்தின் ஆங்கிலச் சுருக்கம்) என்று ஒரு குழு, ஏற்கெனவே இருந்த றிச்மண்ட் ஹில் இயற்கை ஆர்வலர்கள் இன்னொரு பக்கம். கூட்டம், மனு, மரபுரிமைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்புக் கேட்டு விசாரணை, பிறகு ஒன்ராறியோ நகராட்சி வாரியத்தில் வழக்கு. வேலைக்குப் போய்வந்து, பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு, இரவில் இருந்து கோப்புகளைப் படித்த சனம்தான் இவர்கள். 2012இல் ஒரு உடன்பாடு வந்தது. ஒரு பகுதியில் வீடு கட்டலாம், கூண்டையும் கட்டடங்களையும் சுற்றிய ஏறக்குறைய 100 ஏக்கர் பொதுமக்களுக்கு. டிஃபெண்டர்ஸ் அதை ஏற்றுக்கொண்டார்கள், இயற்கை ஆர்வலர்கள் ஏற்கவில்லை, முழு நிலமும் வேண்டும் என்றே நின்றார்கள். அதுவரை தோளோடு தோள் நின்ற ஆட்கள் இந்த இடத்தில் பிரிந்தார்கள்.

யார் சரி? நான் இதை நிறைய யோசித்தேன். ஒத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் முழுவதும் போயிருக்கவும் கூடும், அதனால் உடன்பட்டவர்களை என்னால் குறைசொல்ல முடியாது. ஆனால் மனதளவில் நான் மற்றப் பக்கம். வானாய்வுக்கூடத்தின் நிலம் அலங்காரத்துக்கு விட்ட வெறுங்காணி இல்லை, அது தொலைகாட்டியின் ஒரு பாகம். கூரையும் தார் ரோட்டும் பகல் முழுக்க வெயிலை உறிஞ்சி இரவு முழுக்கக் கக்கும், அந்தச் சூட்டில் காற்று நடுங்கும், காற்று நடுங்கினால் வெள்ளியும் நடுங்கும். மரமும் மண்ணும் சீக்கிரம் குளிர்ந்துவிடும். தெருவிளக்கையும் கார் வெளிச்சத்தையும் மறைப்பதும் மரம்தான். அத்தனை ஏக்கரை வாங்கிப்போட்டவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது.

2009இலிருந்து வானியல் சங்கத்துத் தன்னார்வலர்கள் கூண்டை மறுபடி திறந்து சனத்துக்குக் காட்டத் தொடங்கினார்கள். பிறகு சொத்து நகரத்தின் கைக்கு வந்தது. 2019இல் கனடாவின் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தார்கள். இன்றைக்கு இது ஊருக்குச் சொந்தமான பூங்கா.

பகலில் நாங்கள் போனது செப்டெம்பர் கடைசியில். காசு இல்லை, பதிவு இல்லை, போய் நடக்கவேண்டியதுதான். மேப்பிள் இலை சிவக்கத் தொடங்கியிருந்தது. ஒரு பக்கம் நடந்துபோனால் மரங்கள் திடீரென்று முடிந்து வரிசையாகப் புது வீடுகள். வடிவான வீடுகள், அங்கே இருக்கிறவர்கள்மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை, நாங்களும் யாரோ ஒருவருடைய வயலில் கட்டிய வீட்டில்தான் இருக்கிறோம். ஆனால் அந்த எல்லையில் நின்று ஒரு தடவை முன்னால் பார்த்து ஒரு தடவை பின்னால் பாருங்கள். ஒரு வரி எழுதாமலே முழுக் கதையும் அங்கே இருக்கிறது. மூன்று சின்னக் கூண்டுகளை உச்சியில் வைத்த கல்லுக் கட்டடத்தையும் பகலில்தான் வடிவாகப் பார்க்கலாம்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். வழி ஹில்ஸ்வியூ டிரைவ் பக்கம். இரவு நிகழ்ச்சிகளின் திகதியை நகரத்தின் இணையத்தளத்தில் பார்த்து முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், இடம் கெதியாக நிரம்பிவிடுகிறது. ஓகஸ்ட்டாக இருந்தாலும் ஒரு தடித்த சட்டை கட்டாயம். நுளம்புக்கு ஏதாவது பூசிக்கொண்டு போங்கள். கைபேசி வெளிச்சத்தை உள்ளே பாவிக்காதீர்கள், கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடத்துக்கு மேல் எடுக்கும், ஒரு தடவை ஒளிர்ந்தால் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் எல்லாம் முதலிலிருந்து. படி ஏற முடியாதவர்கள் இருந்தால் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நிலா நிறைந்த இரவைத் தவிர்த்தால் நல்லது, நிலாவையே பார்க்கவேண்டுமென்றால் வளர்பிறை எட்டாம் நாள் மாதிரி போங்கள், நிழல் விழுகிற ஓரத்தில் பள்ளங்கள் அப்படியே எழும்பி நிற்கும்.

எங்கள் வீட்டில் நடந்தது இவ்வளவுதான்: பின்வளவில் விடியவிடிய எரிந்துகொண்டிருந்த வெள்ளை விளக்கை இவர் கழற்றிவிட்டு, கீழ்ப்பக்கம் மட்டும் வெளிச்சம் விழுகிற மூடி போட்ட மஞ்சள் விளக்கொன்றைப் பூட்டினார், ஆள் அசைந்தால் மட்டும் எரியும். பக்கத்து வீட்டு அண்ணா ஏன் என்று கேட்டார், மகள் வேலியடியில் நின்று அரை மணித்தியாலம் அவருக்கு அன்னத்தையும் கருந்துளையையும் விளங்கப்படுத்தினாள். அவர் தன் விளக்கை இன்னும் மாற்றவில்லை. ஆனால் ஒக்டோபர் நிகழ்ச்சிக்குத் தனக்கும் சேர்த்துப் பதியச் சொல்லியிருக்கிறார். ஆறு பேருக்குப் பதிந்தாயிற்று. அம்மாவுக்கு ஒரு கம்பளித் தொப்பி வாங்கவேண்டும்.